தோட்டா மறுநிரப்பலில் முதல் கையேடு: எதை வாங்குவது, எப்படிப் படிப்பது

அமெரிக்காவில் வேட்டைக்கும் இலக்குச் சுடுதலுக்கும் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் ஒரு பகுதியினர், சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளை உறையை எறிந்துவிடாமல் வீட்டுக்கு எடுத்துவந்து, பழைய அளவுக்குச் சுருக்கி, அடியில் புதிய பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) பொருத்தி, பவுடரை (வெடிமருந்தை) நிறுத்து ஊற்றி, வாயில் ஒரு புதிய குண்டைச் செருகி, மீண்டும் சுடத்தக்க தோட்டாவாக ஆக்கிக்கொள்கிறார்கள். ரீலோடிங் எனப்படும் இந்த மறுநிரப்பல் அங்கே நூறாண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் பழக்கம். செலவு குறையும் என்பது ஒரு காரணம். தன் துப்பாக்கிக்கு மிகவும் ஒத்துப்போகும் தோட்டாவைத் தானே தேடிக் கண்டடையலாம் என்பது இன்னொரு காரணம். கடையில் எளிதில் கிடைக்காத பழைய அளவுத் தோட்டாக்களை வேறெப்படியும் பெற முடியாது என்பது சிலருக்கு முதன்மையான காரணம். சொந்தப் பயன்பாட்டுக்காக நிரப்புவதற்கு அங்கே கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. விற்பனைக்காகச் செய்தால் தேவை. இந்தியாவில் நிலை வேறு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இங்கே சொல்லப்படுவதெல்லாம் அமெரிக்கச் சூழலுக்கு உரியது.

புதிதாக இதில் இறங்குபவர்கள் பெரும்பாலும் கருவியிலிருந்து தொடங்குகிறார்கள். உறையைச் சுருக்கவும் குண்டைச் செருகவும் உதவும் அழுத்தியில் எது நல்லது, எந்தத் தராசு துல்லியமானது என்று நெடுநாள் ஆராய்ந்துவிட்டுக் கையேட்டை மட்டும் கடைசியில், கண்ணில் பட்ட ஏதோ ஒன்றாக வாங்கிக்கொள்கிறார்கள். என் கருத்தில் இந்த வரிசை தலைகீழானது. எந்த நிறுவனத்தின் கருவியில் செய்தாலும் வேலை ஒன்றுதான். எவ்வளவு பவுடர், எந்தக் குண்டுக்கு, எந்த உறையில் என்ற கேள்விக்குப் பதில் கருவியில் இல்லை, கையேட்டில்தான் இருக்கிறது. அந்தப் பதிலை ஊகித்துக்கொள்ளவும் முடியாது. புகையில்லாப் பவுடர் எரியும் விதத்தைச் சற்றுப் பார்த்தால் அது ஏன் என்பது விளங்கும்.

திறந்த வெளியில் பற்றவைத்தால் இந்தப் பவுடர் சீறிக்கொண்டு எரிந்து அடங்கிவிடும். மூடிய உறைக்குள் எரியும்போது வெளிவரும் வாயு அழுத்தத்தை உயர்த்துகிறது. அழுத்தம் உயர்ந்தால் பவுடர் மேலும் வேகமாக எரிகிறது. வேகமாக எரிவதால் அழுத்தம் மேலும் உயர்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே போவதால், பவுடரின் அளவைச் சிறிது கூட்டினாலும் அழுத்தம் அந்த விகிதத்தில் கூடாமல் அதைவிட அதிகமாகக் கூடும். இங்கே எடை அளக்கப்படுவது கிரெயின் என்ற அலகில். ஒரு பவுண்டில் 7000 கிரெயின் உண்டு. ஒரு கிராம் என்பது ஏறத்தாழ 15.4 கிரெயின். தராசில் ஒன்றிரண்டு கிரெயின் என்பது கண்ணுக்கு ஒரு சிட்டிகையாகவே தெரியும். ஆனால் .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற புகழ்பெற்ற வேட்டைத் துப்பாக்கித் தோட்டாவுக்கு அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தரநிர்ணய அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. வகுத்திருக்கும் அழுத்த எல்லை சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. கார் டயரில் நாம் நிரப்பும் காற்றின் அழுத்தம் அதே அலகில் முப்பதைச் சற்றுத் தாண்டும் என்பதை நினைத்துக்கொண்டால், முகத்திலிருந்து ஒரு சாண் தொலைவில் எவ்வளவு அழுத்தம் அடைபட்டிருக்கிறது என்பது புரியும். அதே அமைப்பு .38 ஸ்பெஷல் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு வகுத்த எல்லையோ 17,000 மட்டுமே. ஒவ்வொரு தோட்டாவுக்கும் எல்லை வேறு. அந்த எல்லையை அளக்கும் கருவி வீட்டில் இருப்பவரிடம் இல்லை, ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. கையேடு என்பது அந்த ஆய்வுக்கூடம் அச்சிட்டுத் தரும் பரிசோதனை அறிக்கை.

இந்த ஒரு செய்தியை உள்வாங்கிக்கொண்டால் கையேட்டைத் தேர்ந்தெடுப்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். புதியவர் அட்டவணையைத் திறந்ததும் பவுடர் எடை எழுதியிருக்கும் கட்டத்தைத்தான் தேடுவார். பழகியவரோ முதலில் அந்தப் பக்கத்தின் தலைப்பில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படிப்பார். .30-06-க்கு 150 கிரெயின் எடையுள்ள குண்டின் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே எந்தத் துப்பாக்கியில், அல்லது எந்த ஆய்வுக் குழலில் சோதித்தார்கள், குழலின் நீளம் எவ்வளவு, எந்த நிறுவனத்தின் உறை, எந்த நிறுவனத்தின் எந்த எண்ணுள்ள பிரைமர், குண்டு எது, குண்டைச் செருகிய பின் தோட்டாவின் மொத்த நீளம் எவ்வளவு, உறையை எந்த நீளத்துக்கு வெட்டிக்கொள்ள வேண்டும் என்பவை எல்லாம் இருக்கும். .30-06 உறையின் உச்ச நீளம் 2.494 அங்குலம், கையேடுகள் அதைப் பொதுவாக 2.484 அங்குலத்துக்கு வெட்டிக்கொள்ளச் சொல்கின்றன. அதற்குக் கீழேதான் பவுடர்களின் பெயர்களும், ஒவ்வொன்றுக்கும் தொடக்க அளவும் உச்ச அளவும், அவை தந்த வேகமும் வரும். சில கையேடுகள் அழுத்தத்தையும் அச்சிடும். உச்ச அளவு என்று எழுதியிருப்பது, மேலே சொன்ன எல்லாப் பொருள்களும் அப்படியே இருந்தபோது ஆய்வுக்கூடம் நிறுத்திக்கொண்ட இடம். குண்டு மாறினாலோ, பிரைமர் மாறினாலோ, உறை மாறினாலோ அந்த இடமும் மாறும்.

இரண்டு கையேடுகளை அருகருகே வைத்துப் பார்க்கும் புதியவர் திடுக்கிடுவதும் இதனால்தான். ஒரே தோட்டா, ஒரே எடையுள்ள குண்டு, ஒரே பவுடர். ஆனால் ஒன்றில் உச்ச அளவாக இருப்பது மற்றொன்றில் அதைவிட இரண்டு கிரெயின் குறைவாக இருக்கும். எது சரி என்று கேட்டால், இரண்டும் சரி. ஒரே எடையுள்ள இரு குண்டுகளில் ஒன்று ஈயக் கருவும் செப்பு உறையும் கொண்டதாக இருக்கலாம், மற்றொன்று முழுக்கச் செம்பால் ஆனதாக இருக்கலாம். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது என்பதால், அதே எடைக்கு அந்தக் குண்டு நீளமாக இருந்தாக வேண்டும், நீளமான குண்டு உறைக்குள் அதிக இடத்தைப் பிடித்துக்கொள்ளும், பவுடருக்கு இடம் குறையும், அழுத்தம் வேறாகும். இதுபோலவே ஓர் ஆய்வுக் குழலின் உட்பகுதி மற்றொன்றைவிட நூலளவு இறுக்கமாக இருக்கலாம், பவுடரே வேறொரு தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்ததாக இருக்கலாம். ஒரே பெயரில் விற்கும் பவுடரும் தொகுதிக்குத் தொகுதி சிறிது வேறுபடும். ஆகவே கையேடுகள் முரண்படுவது அவற்றின் குறையன்று. வேறு வேறு சோதனைகளின் முடிவுகள் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே பிழை. உச்ச அளவிலிருந்து ஏறத்தாழப் பத்து விழுக்காடு குறைத்துத் தொடங்கி, சிறுசிறு படிகளாக ஏறிப் பார்க்க வேண்டும் என்று எல்லாக் கையேடுகளும் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இந்த முரண்பாடுதான் அடிப்படை.

அந்தப் பத்து விழுக்காட்டு விதிக்கும் விலக்கு உண்டு என்பதைப் புதியவர்கள் தாமதமாகவே அறிகிறார்கள். ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் எச்110 போன்ற, மேக்னம் எனப்படும் ஆற்றல் மிகுந்த கைத்துப்பாக்கித் தோட்டாக்களுக்கான மெதுவான உருண்டைப் பவுடர்களை அவ்வளவு குறைக்கக் கூடாது என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். அளவு குறைந்தால் அவை சீராகப் பற்றாமல் போகக்கூடும். குண்டு குழலின் நடுவிலேயே நின்றுவிடக்கூடும். அதை அறியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும். பொதுவிதியை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு அட்டவணையின் அடிக்குறிப்பைப் படிக்காதவருக்கு இது தெரியவராது. அடிக்குறிப்புகளைத் தெளிவாகத் தரும் கையேடு நல்ல கையேடு என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

இனி, சந்தையில் கிடைப்பவற்றுக்கு வருவோம். யார் சோதிக்கிறார்கள், எதற்காக வெளியிடுகிறார்கள் என்று பார்த்தால் கையேடுகள் சில குடும்பங்களாகப் பிரிந்துவிடும்.

குண்டு தயாரிக்கும் நிறுவனங்களின் கையேடுகள் ஒரு குடும்பம். நெப்ராஸ்காவின் கிராண்ட் ஐலண்டில் இருக்கும் ஹார்னடி, ஸ்பியர், சியரா, நாஸ்லர் ஆகியவை தத்தம் கையேடுகளைப் பல பதிப்புகளாக வெளியிட்டுவருகின்றன. இவற்றின் வலிமையும் எல்லையும் ஒன்றே: தங்கள் குண்டுகளை மட்டுமே சோதித்திருப்பார்கள். நீங்கள் வாங்கப்போவது ஹார்னடி குண்டு என்றால் ஹார்னடி கையேட்டைவிடப் பொருத்தமான நூல் வேறில்லை. சியரா குண்டுக்கு அது நேரடியான சான்று ஆகாது. ஹார்னடியின் அட்டவணை அமைப்பு புதியவரைச் சற்றுக் குழப்பக்கூடியது. மேலே வேகங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வேகத்தின் கீழும் அதை எட்டுவதற்கு எந்தப் பவுடர் எத்தனை கிரெயின் வேண்டும் என்று இருக்கும். அழுத்தத்தை அதில் அச்சிடுவதில்லை. பழகிவிட்டால், வேண்டிய வேகத்திலிருந்து பின்னோக்கிப் போக இது வசதியாகவே இருக்கிறது. நாஸ்லர் கையேட்டில் பவுடர் உறையின் உட்கொள்ளளவில் எத்தனை விழுக்காட்டை நிரப்புகிறது என்ற கூடுதல் தகவல் கிடைக்கும். பாதிக்குமேல் காலியாக இருக்கும் உறையை எளிதில் இனங்காண இது உதவும்.

ஹார்னடி கையேட்டில் நான் மதிக்கும் ஒரு வழக்கம், எம்1 கேரண்ட் துப்பாக்கிக்கு .30-06 அட்டவணையைத் தனியாகத் தருவது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் ஏந்திய இந்த அரைத்தானியங்கித் துப்பாக்கி, குழலிலிருந்து எடுக்கும் வாயுவால் ஒரு நீண்ட தண்டைத் தள்ளி இயங்குகிறது. மெதுவாக எரியும் பவுடரைக் கொண்டு நிரப்பிய, மற்ற .30-06 துப்பாக்கிகளுக்கு எந்தத் தீங்கும் செய்யாத ஒரு தோட்டா, இந்தத் தண்டை வளைத்துவிடக்கூடும். இதே வகையில் .45-70 என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தோட்டாவுக்குப் பல கையேடுகள் மூன்று தனித்தனி அட்டவணைகள் தருகின்றன: 1873-ஆம் ஆண்டு வடிவமைப்பான டிராப்டோர் துப்பாக்கிகளுக்கு மிக மென்மையானது, நெம்புகோல் துப்பாக்கிகளுக்கு நடுத்தரமானது, ரூகர் நம்பர் 1 போன்ற உறுதியான இக்காலத் துப்பாக்கிகளுக்கு வலியது. உறை ஒன்றே, பெயரும் ஒன்றே என்பதால் மூன்றாம் அட்டவணையின் தோட்டா முதல் துப்பாக்கியிலும் தடையின்றி நுழையும். பழைய துப்பாக்கி வைத்திருப்பவர் கடையில் கையேட்டைப் புரட்டும்போது இப்படிப் பிரித்துத் தந்திருக்கிறார்களா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கருவி தயாரிப்பாளர்களின் கையேடுகள் அடுத்த குடும்பம். இதில் லைமன் கையேட்டுக்குத் தனி இடம் உண்டு. 1884-இல் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் நிறுவனத்தை லைமன் 1925-இல் வாங்கியது. ஐடியல் வெளியிட்டுவந்த கையேட்டின் வழிவந்ததே இன்றைய லைமன் கையேடு. அதன் 50-ஆம் பதிப்பு 2016-இல் வந்தது. அதன் பின் 51-ஆம் பதிப்பும் வந்துவிட்டது. லைமன் வார்ப்பு அச்சுகளை விற்கும் நிறுவனமாதலால், வீட்டில் ஈயத்தை உருக்கி வார்த்த குண்டுகளுக்கும் பல நிறுவனங்களின் செப்பு உறைக் குண்டுகளுக்கும் ஒரே நூலில் அட்டவணைகள் கிடைக்கின்றன; பெரும்பாலானவற்றில் அழுத்தமும் அச்சிடப்பட்டிருக்கிறது. ஒரே ஒரு கையேடுதான் வாங்க முடியும் என்று புதியவர் ஒருவர் சொன்னால் நான் பரிந்துரைப்பது இதைத்தான். தன் குண்டுகளைத் தள்ளிவிட வேண்டிய கட்டாயம் லைமனுக்கு இல்லை என்பதும், தொடக்கப் பகுதியில் செய்முறை பொறுமையாக விளக்கப்பட்டிருக்கிறது என்பதும் என் காரணங்கள். லீ நிறுவனத்தின் கையேடு தடிமனானது, விலையும் மலிவு. ஆனால் அதன் அட்டவணைகள் லீ தானே சோதித்துக் கண்டவை அல்ல. பவுடர் நிறுவனங்கள் வெளியிட்டவற்றைத் தொகுத்தவை. அது ஒரு குற்றமல்ல, தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் போதும். அதன் விளக்கப் பகுதி சுவையானது; லீயின் கருவிகளே சிறந்தவை என்ற வாதம் பக்கத்துக்குப் பக்கம் எட்டிப்பார்ப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

மூன்றாவது, பவுடர் தயாரிப்பாளர்கள் இலவசமாகத் தரும் தரவு. இணையத்தில் கிடைப்பவற்றில் கண்ணை மூடிக்கொண்டு நம்பாவிட்டாலும் முழு மதிப்புடன் எடுத்துக்கொள்ளத்தக்கது இது ஒன்றுதான். கான்சஸைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசாங்கத்திடம் மிஞ்சிய ராணுவப் பவுடரை வாங்கி மறுநிரப்புவோருக்கு விற்றுத் தொடங்கிய நிறுவனம், 2003-இல் ஐ.எம்.ஆர். பவுடர்களையும், பிறகு வின்செஸ்டர் பெயரிலான பவுடர்களையும், 2020-இல் அக்யூரேட், ராம்ஷாட் பவுடர்களையும் தன்பால் கொண்டுவந்தது. இவை அனைத்துக்குமான தரவு அதன் ஒரே தளத்தில் அழுத்த அளவுகளோடு கிடைக்கிறது. ஆண்டுதோறும் அச்சு இதழாகவும் வருகிறது. புதிதாகச் சந்தைக்கு வந்த பவுடர் எந்த அச்சுக் கையேட்டிலும் இருக்காது. அதற்கு இதுவே வழி. அலையன்ட் நிறுவனமும் பின்லாந்தின் விக்டவூரியும் தங்கள் பவுடர்களுக்கு இதேபோல் தருகின்றன. இலவசத் தரவின் குறை, அதில் எண்கள் மட்டுமே இருப்பது. எப்படிச் செய்வது, எங்கே தவறும், தவறினால் என்ன தெரியும் என்பதைக் கற்றுத்தர அங்கே இடமில்லை.

ஒரே ஒரு தோட்டாவுக்கான தரவைப் பல நிறுவனங்களிடமிருந்து தொகுத்துச் சுருள்கம்பியில் கட்டி விற்கும் சிறுநூல்களும் கடைகளில் தொங்கும். அவற்றில் உள்ளவை அந்தந்த நிறுவனங்களின் அட்டவணைகளே என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க வசதிதான். முதல் நூலாக வாங்கத் தக்கவை அல்ல. உறையின் கொள்ளளவையும் பவுடரின் பண்புகளையும் உள்ளிட்டால் அழுத்தத்தைக் கணித்துச் சொல்லும் மென்பொருள்களும் உண்டு. அனுபவமுள்ளவர்கள் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அவை தருவது கணிப்பு. சோதித்து அளந்த முடிவல்ல. புதியவர் அவற்றை நாடாமல் இருப்பது நல்லது.

எண்களைப் பற்றியே இவ்வளவு பேசிவிட்டாலும், முதல் கையேட்டைத் தேர்ந்தெடுக்கும்போது முன்பகுதியில் இருக்கும் விளக்கத்தைத்தான் அதிகம் எடைபோட வேண்டும் என்று நினைக்கிறேன். கடையிலேயே நின்று சில பக்கங்களைப் படித்துப் பார்க்கலாம். உறையில் விரிசலையும் அடிப்பகுதியில் தோன்றும் பளபளப்பான வளையத்தையும் எப்படிக் கண்டுபிடிப்பது என்று படத்துடன் இருக்கிறதா? பிரைமர் உறையின் அடியோடு சமமாகவோ சற்று உள்ளேயோ அமர வேண்டும் என்பதும், அது ஏன் துருத்திக்கொண்டிருக்கக் கூடாது என்பதும் சொல்லப்பட்டிருக்கிறதா? தராசை நிறைக்கல்லால் சரிபார்ப்பது எப்படி, மேசைமேல் எப்போதும் ஒரே ஒரு பவுடர் குப்பி மட்டும் ஏன் இருக்க வேண்டும், பவுடர் ஊற்றிய உறைகளை மரத்தட்டில் வரிசையாக நிறுத்தி விளக்கொளியில் ஒவ்வொன்றின் உள்ளேயும் ஏன் எட்டிப்பார்க்க வேண்டும் என்பவை இருக்கின்றனவா?

கடைசியில் சொன்ன அந்தப் பழக்கம் கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் உயிரைக் காப்பது. .38 ஸ்பெஷல் உறை, அதிக இடம் பிடிக்கும் பழைய கரும்பவுடரின் காலத்து அளவில் அமைந்தது. அதில் புல்ஸ்ஐ போன்ற வேகமான பவுடரின் சரியான அளவு உறையில் பாதிகூட வராது. கவனம் சிதறி ஒரே உறையில் இருமுறை ஊற்றிவிட்டாலும் அது வெளியே வழியாது, மேலே குண்டும் வழக்கம்போல் அமர்ந்துவிடும், தோட்டாவைப் பார்த்து வேறுபாடு சொல்ல முடியாது. ஆகவே நல்ல கையேடு புதியவருக்கு, இருமுறை ஊற்றினால் உறை நிரம்பி வழியும் அளவுக்குப் பருமனான பவுடரைத் தேர்ந்தெடுக்குமாறு அறிவுரை சொல்லும். அட்டவணையில் இருபது பவுடர்கள் வரிசையாக இருக்க, அவற்றுள் எது தொடக்கத்துக்கு ஏற்றது என்பதை எண்கள் சொல்வதில்லை. முன்பகுதியின் விளக்கம்தான் சொல்லும்.

அழுத்தம் மிகுந்ததற்கான அடையாளங்களைப் பற்றிய பகுதியையும் படித்துப் பார்க்க வேண்டும். தட்டையாகிப்போன பிரைமர், திறக்க மறுக்கும் துப்பாக்கியின் பூட்டு, உறையின் அடியில் பதிந்த தடம் ஆகியவற்றைப் படங்களோடு தருவதோடு, இவை தோன்றும்போது எல்லை ஏற்கெனவே தாண்டப்பட்டிருக்கலாம் என்றும், இவை தோன்றாததால் எல்லைக்குள் இருக்கிறோம் என்று பொருளாகாது என்றும் சொல்லும் நூலே நேர்மையானது. பிரைமரின் முகத்தைப் பார்த்தே அழுத்தத்தைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை மறுநிரப்புவோரிடையே வெகுநாளாக இருக்கிறது. குறைந்த அழுத்தத் தோட்டாக்களில் அந்த நம்பிக்கைக்கு இடமே இல்லை, ஏனெனில் அவற்றில் எல்லையை வெகுவாகத் தாண்டிய பிறகும் பிரைமர் ஒழுங்காகவே தெரியக்கூடும். பவுடரையும் பிரைமரையும் வீட்டில் வைத்திருப்பதைப் பற்றியும் ஒரு பகுதி இருக்க வேண்டும். அமெரிக்கத் தீத்தடுப்பு விதித்தொகுப்பு எண் 495, வீடுகளில் 20 பவுண்டு வரையிலான புகையில்லாப் பவுடரை அதன் மூலக் குப்பிகளிலேயே வைக்கலாம் என்கிறது. மாநில, நகர விதிகள் இதைவிடக் கடுமையாக இருக்கலாம்.

பழைய நூல்களின் கவர்ச்சியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். துப்பாக்கிக் கண்காட்சிகளிலும் பழைய புத்தகக் கடைகளிலும் 1960-கள், 1970-களின் கையேடுகள் சில டாலருக்குக் கிடைக்கும். அவற்றில் உச்ச அளவுகள் இன்றைய நூல்களில் உள்ளவற்றைவிடப் பல இடங்களில் அதிகமாக இருப்பதைக் காட்டி, வழக்கறிஞர்களுக்குப் பயந்து நிறுவனங்கள் அளவைக் குறைத்துவிட்டன என்று சொல்பவர்கள் உண்டு. அதைவிட எளிய விளக்கம் இருக்கிறது. அந்நாளில் அழுத்தத்தை அளக்க ஒரு சிறு செப்பு உருளையை நசுங்கவைத்து, நசுங்கிய அளவைக் கொண்டு கணக்கிட்டார்கள். பிறகு வந்த மின்னணு உணர்கருவிகள், செப்பு உருளை காட்டத் தவறிய நொடிநேர உச்சங்களையும் காட்டின. .30-06-க்குச் செப்பு உருளை முறையில் எல்லை 50,000. மின்னணு முறையில் அது 60,000. இரண்டும் ஒரே தோட்டாவின் எல்லைதான். ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கண்டுபிடிக்க எல்லாத் தோட்டாக்களுக்கும் பொருந்தும் வாய்பாடு எதுவும் கிடையாது. பழைய அட்டவணையில் இருக்கும் அழுத்த எண்ணைப் புதிய எல்லையோடு ஒப்பிட்டு இன்னும் இடமிருக்கிறது என்று முடிவுகட்டுவது இதனால்தான் ஆபத்து.

பவுடரின் பெயரும் காலத்தால் ஏமாற்றும். 4831 என்ற எண் கொண்ட பவுடரை ஹாட்ஜ்டன் முதலில் விற்றது, 20 மி.மீ. பீரங்கித் தோட்டாக்களிலிருந்து மிஞ்சிய ராணுவக் கையிருப்பை. 1970-களில் டூபான்ட் நிறுவனம் ஐ.எம்.ஆர். 4831 என்ற பெயரில் ஒன்றைக் கொண்டுவந்தது. அது ஹாட்ஜ்டனின் எச்4831-ஐவிட வேகமாக எரிவது. அந்தக் காலத்துக்கு முந்தைய நூலில் வெறுமனே 4831 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, கையில் இருக்கும் ஐ.எம்.ஆர். பவுடரை அந்த அளவுக்கு நிரப்புபவர், மெதுவான பவுடருக்கான உச்ச அளவை வேகமான பவுடரில் போட்டுவிடுகிறார். 4895, 4350 ஆகிய எண்களிலும் இதேபோல் எச் என்றும் ஐ.எம்.ஆர். என்றும் இரண்டிரண்டு பவுடர்கள் இன்றும் விற்கின்றன. ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது. பழைய கையேடுகளை வரலாற்றுக்காகவும், இன்று யாரும் சோதிக்காத அரிய தோட்டாக்களைப் பற்றி அறிந்துகொள்ளவும் வாங்கலாம். முதல் கையேடாக ஆகாது.

ஆகவே .30-06 வேட்டைத் துப்பாக்கியுடன் தொடங்கும் ஒருவர் என்றால் நான் சொல்லும் வரிசை இது. முதலில் லைமனின் அண்மைப் பதிப்பை வாங்கி, அட்டவணைகளைத் தொடாமல் முன்பகுதியை முழுதும் படிக்கட்டும். படித்த பின் எந்தக் குண்டைப் பயன்படுத்துவது என்று முடிவுசெய்து, அந்தக் குண்டின் நிறுவனம் வெளியிட்ட கையேட்டின் அண்மைப் பதிப்பை வாங்கட்டும். பவுடரை அதற்குப் பிறகுதான் வாங்க வேண்டும். இரண்டு நூல்களிலும் பவுடர் நிறுவனத்தின் தளத்திலும் ஒருசேர இடம்பெறும் பவுடராக அது இருக்கட்டும். மூன்று இடங்களின் தொடக்க அளவுகளையும் ஒரு தாளில் எழுதி, மிகக் குறைந்ததிலிருந்து தொடங்கலாம். கையேடு ஒன்றுக்கு ஏறத்தாழ 30 முதல் 50 டாலர் ஆகும்; கருவிகளுக்குச் செலவாகும் தொகையோடு ஒப்பிட்டால் இது சிறிது. நண்பர் சொன்ன அளவு, இணையத்தில் யாரோ எழுதிய அளவு ஆகியவை எவ்வளவு உறுதியாகச் சொல்லப்பட்டாலும் இந்த மூன்றில் ஒன்றிலாவது இல்லாவிட்டால் அவற்றை விட்டுவிட வேண்டும். சொல்பவர் பொய் சொல்கிறார் என்பதில்லை. அவருடைய துப்பாக்கியும் உறையும் பவுடர்த் தொகுதியும் நம்முடையவை அல்ல.

மூன்று இடங்களும் மிகவும் முரண்பட்டு, காரணமும் புரியவில்லை என்றால் ஊகிக்க வேண்டிய தேவை இல்லை. பெரிய குண்டு நிறுவனங்களும் பவுடர் நிறுவனங்களும் இத்தகைய கேள்விகளுக்கு விடை சொல்லவே தொழில்நுட்ப உதவிக்கென ஆட்களை வைத்திருக்கின்றன. தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ கேட்கலாம். கேட்பதற்குமுன் துப்பாக்கியின் பெயர், குழலின் நீளம், உறையின் நிறுவனம், பிரைமரின் எண், குண்டின் பட்டியல் எண், பவுடர் குப்பியில் அச்சிட்டிருக்கும் தொகுதி எண், பார்த்த நூல்களின் பதிப்பு ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டால், பதில் பொதுவான அறிவுரையாக இல்லாமல் உங்கள் தோட்டாவுக்கு உரியதாக வரும்.